முதலில் மானிட்டரைப் பாருங்கள்: கேமிங் கம்ப்யூட்டர் கேள்வி–பதில்

"எந்த கிராஃபிக்ஸ் கார்டு வாங்கலாம்?" இந்த மாதக் கடிதங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு வரிதான். மானிட்டர் என்ன, எஸ்எம்பிஎஸ் (எல்லாப் பொருளுக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டி) என்ன, என்ன கேம் விளையாடுகிறீர்கள் என்ற விவரமே இல்லை. அது தெரியாமல் நான் ஒரு பெயரைச் சொன்னால் வெறும் குத்துமதிப்புதான். நீங்கள் மாதக்கணக்கில் சேர்த்த பணத்தைக் குத்துமதிப்பில் செலவழிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆகவே விவரமாக எழுதியவர்களின் கேள்விகளை எடுத்துக்கொண்டேன். சென்னை ரிச்சி தெருவில் சிஸ்டம் அசெம்பிள் செய்வதுதான் என் பிழைப்பு. கடைக்கு நேரில் வந்தால் என்ன சொல்வேனோ அதையே இங்கேயும் சொல்கிறேன். விலை மட்டும் எழுதவில்லை. இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள் மாறிவிடும்.

கேள்வி: என்னிடம் ரைசன் 5 2600, பி450 போர்டு, 8 ஜிபி ரேம் இரண்டு, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர், நல்ல கம்பெனியின் 450 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ் இருக்கிறது. மானிட்டர் 1080பி, 60 ஹெர்ட்ஸ். தினமும் வாலரண்ட், விடுமுறையில் கதை கேம்கள். டியூஷன் எடுத்து 40 ஆயிரம் சேர்த்திருக்கிறேன். போர்டு, பிராசஸர், ரேம் மூன்றையும் மாற்றி ஏஎம்5 என்ற புது வகை சாக்கெட்டுக்குப் போகச் சொல்கிறார் கடைக்காரர். போகலாமா?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: வேண்டாம் தம்பி. உங்கள் போர்டுக்கு இன்னும் ஆயுசு இருக்கிறது.

உங்கள் போர்டில் பிராசஸர் உட்காரும் இடத்துக்கு ஏஎம்4 சாக்கெட் என்று பெயர். அதில் ரைசன் வந்தது 2017 மார்ச்சில். அதே சாக்கெட்டுக்கு 2022 ஏப்ரலில் 5800எக்ஸ்3டி வந்தது, 2024 ஜனவரியில் 5700எக்ஸ்3டி வந்தது. பயாஸை (போர்டை எழுப்பும் உள் மென்பொருளை) அப்டேட் செய்துவிட்டால் 5000 வரிசை பிராசஸர்கள் உங்கள் பி450 போர்டிலேயே உட்காரும். உங்களுக்கு ரைசன் 5 5600 போதும். காகிதத்தில் பார்த்தால் 2600க்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது: இரண்டிலும் 6 கோர், 12 திரெட், 65 வாட்ஸ். ஆனால் ஒவ்வொரு கோரும் செய்யும் வேலை வெகுவாகக் கூடியிருக்கிறது. வாலரண்ட் மாதிரி கேமுக்கு அதுதான் வேண்டும். ஏஎம்5க்குப் போனால் டிடிஆர்5 ரேம் கட்டாயம்; கையில் இருக்கும் 16 ஜிபி வீணாகும். 2025 கடைசியிலிருந்து டேட்டா சென்டர்களுக்கு ரேம் சில்லு அதிகமாகப் போகிறது, சில்லறைச் சந்தையில் விலை எகிறிவிட்டது. மைக்ரான் கம்பெனி அந்த டிசம்பரில் தன் க்ரூஷியல் பிராண்டையே நிறுத்துவதாக அறிவித்தது. ரேம் வாங்காமல் தப்பிக்க வழி இருக்கிறவர்கள் இப்போது தப்பித்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் பிராசஸரைவிட முன்னால் ஒன்று இருக்கிறது. உங்கள் மானிட்டர் நொடிக்கு 60 படம்தான் காட்டும். உங்கள் கார்டு வாலரண்டில் இப்போதே அதைவிடப் பல மடங்கு தருகிறது. அந்த வேகம் கண்ணுக்கு வந்து சேரவில்லை. ஆகவே முதல் செலவு 144 ஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேற்பட்ட ஐபிஎஸ் மானிட்டர். அடுத்தது 5600. கார்டை இப்போதைக்குத் தொட வேண்டாம். 40 ஆயிரத்தில் மீதி நிற்கும், அப்படியே பத்திரமாக வையுங்கள்.

நான் சொல்வதை நம்பிச் செலவு செய்வதைவிட நீங்களே சோதித்துப் பாருங்கள். ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, கேம் ஓடும்போதே திரையின் ஓரத்தில் கார்டின் உபயோகமும் எஃப்பிஎஸ்ஸும் (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். வி-சிங்க் (கேமை மானிட்டர் வேகத்தோடு கட்டிப்போடும் வசதி), எஃப்பிஎஸ் வரம்பு இரண்டையும் அணைத்துவிட்டு, கூட்டமான சண்டைக் காட்சிக்குப் போங்கள். கார்டின் உபயோகம் 97, 98, 99 சதவீதம் என்று நின்றால் தடை கார்டில் இருக்கிறது. கார்டு 60, 70 என்று சும்மா இருக்க எஃப்பிஎஸ்ஸும் ஏறவில்லை என்றால் தடை பிராசஸர் பக்கம். இந்த இடத்தில் நிறையப் பேர் பிராசஸரின் மொத்த சதவீதத்தைப் பார்த்துவிட்டு "30தானே காட்டுகிறது" என்பார்கள். 12 திரெட்டில் ஒன்று மட்டும் முழுசாகத் திணறினால் மொத்தக் கணக்கில் அது 8 சதவீதம்தான். தனித்தனி கோரைப் பாருங்கள். இன்னும் சந்தேகம் என்றால் 1080பியை 720பிக்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் அசையவே இல்லையா? எவ்வளவு பெரிய கார்டு போட்டாலும் அசையாது.

பயாஸ் அப்டேட் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இங்கேதான் போர்டு சாகிறது. 2600 போர்டில் இருக்கும்போதே அப்டேட் செய்ய வேண்டும். புதுசை மாட்டிவிட்டு அப்டேட் செய்ய நினைத்தால் திரையே வராமல் போகலாம். போர்டின் ஓரத்தில் மாடலோடு ரிவிஷன் எண்ணும் அச்சடித்திருக்கும். அந்த ரிவிஷனுக்கான பயாஸ் ஃபைலையே எடுங்கள். ஃபாட்32 ஃபார்மட்டில் பென் டிரைவ், அப்புறம் கண்டிப்பாக யூபிஎஸ். பாதியில் கரண்ட் போனால் கதை முடிந்தது. சில பி450 போர்டுகளில் புது பயாஸ் ஏறியதும் பழைய பிராசஸர்களுக்கு ஆதரவு போய்விடும், ஆகவே கம்பெனி பக்கத்தில் போட்டிருக்கும் குறிப்பைப் படித்துவிட்டு இறங்குங்கள். புது பிராசஸர் போட்டு முதல்முறை ஆன் செய்யும்போது எஃப்டிபிஎம்மை (பிராசஸருக்குள் இருக்கும் பாதுகாப்புச் சாவிப் பெட்டியை) ரீசெட் செய்யலாமா, ஒய் அல்லது என் அழுத்து என்று கறுப்புத் திரையில் கேட்கும். பயந்துவிடாதீர்கள். விண்டோஸின் டிரைவ் பூட்டான பிட்லாக்கர் ஆன் ஆகியிருந்தால் மட்டும் அதன் ரெகவரி கீயை முன்னாடியே வேறு இடத்தில் எழுதி வையுங்கள். கீ இல்லாமல் ஒய் அழுத்தினால் டிரைவ் பூட்டிக்கொள்ளும், கல்லூரி ப்ராஜெக்ட் எல்லாம் உள்ளே மாட்டிக்கொள்ளும்.

கார்டுக்கும் ஒரு நாள் வரும். ரே ட்ரேசிங் (வெளிச்சத்தை நிஜம்போலக் கணக்கிடும்) வசதி இல்லாத கார்டில் திறக்கவே திறக்காத கேம்கள் வரத் தொடங்கிவிட்டன. 1660 சூப்பரில் அந்த வசதி கிடையாது. அப்போது ஒன்றை ஞாபகம் வையுங்கள்: உங்கள் போர்டில் கார்டு சொருகும் ஸ்லாட் பழைய பிசிஐஇ 3.0 வகை. ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்எக்ஸ் 6600 போன்றவை அந்த ஸ்லாட்டில் தரவு போகும் பாதைகளில் (லேன்) 16க்குப் பதில் 8தான் பயன்படுத்தும். கார்டின் மெமரி நிரம்பாதவரை பெரிய நஷ்டம் இல்லை, நிரம்பினால் உங்கள் போர்டில் திணறல் அதிகம் தெரியும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி வெறும் 4 லேன். அதைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: என் மகள் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கேம் விளையாடுவாள், பிளெண்டரில் 3டி வேலையும் செய்வாள். கடையில் கொடுத்த கொட்டேஷன்: ஐ7 14ஆம் தலைமுறை, எச்610 போர்டு, 16 ஜிபி ரேம், 1 டிபி எஸ்எஸ்டி, 6 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு, 650 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ், லிக்விட் கூலர், ஆர்ஜிபி கேபினட். மானிட்டர் இல்லாமல் 1 லட்சத்து 10 ஆயிரம். எனக்கு இதில் எதுவும் புரியவில்லை. நியாயமான விலைதானா?
– ஒரு தாய், ஈரோடு

பதில்: அம்மா, இந்தக் கொட்டேஷனை வைத்து விலை நியாயமா என்று யாராலும் சொல்ல முடியாது. எதற்குமே முழுப் பெயர் இல்லை. பெயர் இல்லாத இடத்தில்தான் மலிவுச் சரக்கு உள்ளே நுழைகிறது.

வரிவரியாகப் பார்ப்போம். ஐ7-14700 அழுத்தி வேலை செய்யும்போது 219 வாட்ஸ் வரை கேட்கும். எச்610 என்பது அந்தக் குடும்பத்திலேயே அடிமட்ட போர்டு. பெரும்பாலான எச்610 போர்டுகளில் பிராசஸருக்குக் கரண்ட் கொடுக்கும் பகுதி அவ்வளவு தாங்காது. சூடாகி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஐ7க்குப் பணம் கொடுத்துவிட்டு ஐ5 வேகத்தில் ஓட்டுவீர்கள். 16 ஜிபி ரேம் ஒரே குச்சியா, 8 இரண்டா? ஒரே குச்சி என்றால் ஒரு சேனல்தான் வேலை செய்யும், கேமில் அது நன்றாகவே தெரியும். 1 டிபி எஸ்எஸ்டி என்றால் எது? சாட்டா என்றால் நொடிக்கு 550 எம்பி அளவு, பிசிஐஇ 4.0 என்விஎம்இ என்றால் 5,000, 7,000 என்று போகும். இரண்டுக்கும் பெயர் எஸ்எஸ்டிதான். 650 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ் என்பதற்குப் பக்கத்தில் கம்பெனி பெயரே இல்லை. என்னைக் கேட்டால் இந்தக் கொட்டேஷனில் அதுதான் மோசமான வரி. மற்ற எல்லாப் பொருளுக்கும் கரண்ட் கொடுப்பது அது. அது வெடித்தால் தனியாகப் போகாது, கார்டையும் போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். ஸ்டிக்கரில் 650 என்று யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். பெட்டியின் பக்கவாட்டில் ஓர் அட்டவணை இருக்கும், அதில் 12 வோல்ட் கட்டத்தின் கீழ் எத்தனை வாட்ஸ் என்று பாருங்கள். நல்ல 650இல் அது 650க்கு நெருக்கமாக இருக்கும். 400, 450 என்று இருந்தால் அது 450 வாட்ஸ் சரக்கு.

கேமுக்கும் பிளெண்டருக்கும் உழைப்பது கார்டு. மானிட்டர் நீங்கலாக மொத்தத்தில் 40 சதவீதம் கார்டுக்குப் போகலாம் என்பது என் கணக்கு. இந்தக் கொட்டேஷனில் பிராசஸர், கூலர், விளக்கு என்று பணம் போய்விட்டு, கார்டுக்கு மிச்சம்தான் கிடைத்திருக்கிறது. ஐ7ஐ ஐ5 ஆக்குங்கள், ஐ5-12400எஃப் கூடப் போதும். லிக்விட் கூலரை எடுத்துவிடுங்கள், அந்த பிராசஸருக்கு சாதாரண ஏர் கூலரே தாராளம். போர்டு பி760. மிச்சமாகும் பணம் முழுவதும் கார்டுக்கு. பிளெண்டர் இருப்பதால் என்விடியா நல்லது. ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 16 ஜிபி கையில் எட்டினால் அதையே எடுங்கள். அதே பெயரில் 8 ஜிபியும் விற்கிறது, பில்லில் 16 என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 3டி காட்சி பெரிதானால் 8 ஜிபி நிரம்பிவிடும், மகள் அதைத்தான் திட்டிக்கொண்டிருப்பாள். ஒரு சங்கதி: பெயரில் எஃப் என்று முடியும் பிராசஸரில் உள் கிராஃபிக்ஸ் இல்லை. கார்டு சர்வீஸுக்குப் போனால் திரையே வராது. அது சரி என்றால் எஃப், இல்லையென்றால் எஃப் இல்லாதது.

ஒவ்வொரு பொருளுக்கும் முழு மாடல் பெயரும் சீரியல் எண்ணும் போட்ட ஜிஎஸ்டி பில் கேளுங்கள். தயங்காமல் கேளுங்கள். வாரண்டிக்குப் போகும்போது அந்தத் தாள்தான் பேசும்.

கேள்வி: 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கினேன். எந்த வித்தியாசமும் தெரியவில்லை.
– ஐடி ஊழியர், கோயம்புத்தூர்

பதில்: கேபிள் எதில் சொருகியிருக்கிறது என்று பாருங்கள். போர்டில் உள்ள எச்டிஎம்ஐயில் இருந்தால் எடுத்து, கீழே கிடைமட்டமாக இருக்கும் கார்டின் போர்ட்டில் சொருகுங்கள். முடிந்தால் டிஸ்ப்ளேபோர்ட் கேபிள். அப்புறம் விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய் 60ஐ 144 ஆக்குங்கள். தானாகப் பெரும்பாலும் மாறாது.

கேள்வி: மகனின் கம்ப்யூட்டர் கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கிறது. செருப்பு போட்டுக்கொண்டு விளையாடச் சொல்லியிருக்கிறேன். எஸ்எம்பிஎஸ் கெட்டுவிட்டதா? மாற்றலாமா?
– இல்லத்தரசி, கும்பகோணம்

பதில்: எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றாதீர்கள், புதுசும் அடிக்கும். உங்கள் வீட்டு ப்ளக் பாயிண்டில் எர்த் இல்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம். இந்தக் கடிதத்தை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன், ஏனென்றால் இது எஃப்பிஎஸ் பிரச்சினை இல்லை, பிள்ளையின் உயிர்ப் பிரச்சினை.

எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலிலேயே மின்சார இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்ன கெப்பாசிட்டர்கள் இருக்கும். ஒன்று ஃபேஸுக்கும் உடம்புத் தகட்டுக்கும் நடுவில், மற்றது நியூட்ரலுக்கும் தகட்டுக்கும் நடுவில். எர்த் சரியாக இருந்தால் அதில் கசியும் கொஞ்ச கரண்ட் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் அது போக இடமில்லாமல், 230க்குப் பாதியாக 115 வோல்ட் அளவில் கேபினட்டிலேயே நிற்கும். டெஸ்டர் வைத்தால் மினுக்கும். கசிவு மிகக் குறைவு என்பதால் சுருக்கென்று மட்டும் அடிக்கிறது. ஆனால் நாளைக்கு உள்ளே நிஜமாகவே ஒரு ஃபேஸ் வயர் தகட்டில் பட்டால், அதைக் கொண்டுபோக வழியே இல்லை. அப்போது சுருக்கென்று அடிப்பதோடு நிற்காது, உயிரே போகலாம்.

எலக்ட்ரீஷியனை மல்டிமீட்டரோடு வரச் சொல்லுங்கள். ஃபேஸ்–நியூட்ரல் 230 காட்டினால், ஃபேஸ்–எர்த்தும் கிட்டத்தட்ட அதையே காட்ட வேண்டும். நியூட்ரல்–எர்த் ஒன்றிரண்டு வோல்ட் இருக்கலாம். ஃபேஸ்–எர்த் ரொம்பக் குறைவாகவோ நிலையில்லாமலோ காட்டினால் எர்த் இல்லை. மூன்று ஓட்டை இருப்பதால் எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. மலிவு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்களில் வயரே இரண்டுதான் ஓடும், மூன்றாவது ஓட்டை சும்மா. ஒரு விஷயத்தில் மட்டும் உறுதியாக இருங்கள்: "நியூட்ரலில் இருந்து ஒரு லூப் எடுத்து எர்த் முனையில் கொடுத்துவிடுகிறேன்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எங்காவது நியூட்ரல் துண்டித்தால் கேபினட், பிரிட்ஜ், கிரைண்டர் எல்லாவற்றின் உடம்பிலும் முழு 230 வந்து நிற்கும். முறையாக எர்த் பிட் போடுங்கள், வீட்டு மின்சார போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஸ்விட்ச்) மாட்டுங்கள். செலவு ஒரு சாதாரண கிராஃபிக்ஸ் கார்டைவிடக் குறைவாகத்தான் வரும். அதுவரை மிஷினை ஆன் செய்ய வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

கேள்வி: பழைய ஆர்டிஎக்ஸ் 3060 மலிவாக வருகிறது. கிரிப்டோ நாணய மைனிங்கில் ஓடியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– மெடிக்கல் ரெப், மதுரை

பதில்: விற்கிறவர் சொன்னால்தான் உண்டு. எத்தீரியம் மைனிங் 2022 செப்டம்பரோடு நின்றது, அதற்கு முந்தைய கார்டு எதிலும் அந்தச் சந்தேகம் இருக்கும். மைனிங்கில் ஓடியது என்பதற்காக மட்டும் கார்டைத் தள்ள வேண்டாம் என்பேன். சில்லு தாங்கும்; தேய்வது ஃபேன் பேரிங், காய்வது மெமரி மேல் இருக்கும் தெர்மல் பேட். அந்த இரண்டையும் மாற்றிக்கொள்ளலாம்.

வீட்டு வாசலில் கைமாற்றாதீர்கள். மிஷினில் மாட்டி, உங்கள் கண்ணெதிரே அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஃபேன் கரகரக்கிறதா, திரையில் புள்ளியோ கோடோ வருகிறதா, சூடு ஏறிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். கூடவே ஜிபியு-இசட் என்ற சின்ன மென்பொருளைத் திறங்கள். பழைய கார்டில் பயாஸை மாற்றி எழுதி, 1050 டிஐ என்று விற்கும் போலி எல்லாம் அதில் பிடிபடும். 3060இல் 12 ஜிபி, 192 பிட் என்று இருக்க வேண்டும். பின்னால் வந்த 8 ஜிபி மாடல் 128 பிட், வேகமும் குறைவு, பெயர் மட்டும் அதே. ஆர்எக்ஸ் 580 வாங்குகிறவர்களும் கவனியுங்கள்: அசலில் 2304 ஷேடர் (கார்டுக்குள் கணக்குப் போடும் சின்னக் கோர்கள்), 2048 என்று காட்டினால் அது கிட்டத்தட்ட 570தான்.

கேள்வி: ஆபீஸில் கழித்துவிட்ட ஸ்லிம் கம்ப்யூட்டர் ஒன்று குறைந்த விலைக்குக் கிடைத்தது. 8ஆம் தலைமுறை ஐ5. இதில் கார்டு போட்டு கேம் ஆடலாமா?
– டிப்ளமோ மாணவர், நாகர்கோவில்

பதில்: ஆடலாம், ஆனால் வாங்கும் கார்டு உயரம் குறைந்த லோ ப்ரொஃபைலாக இருக்க வேண்டும்; தனியாக கரண்ட் வயர் கேட்கக் கூடாது. பிசிஐஇ ஸ்லாட் மட்டும் 75 வாட்ஸ் தரும். அதற்குள் அடங்குவது ஜிடிஎக்ஸ் 1650, ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி. 3050இல் 8 ஜிபி மாடல் 130 வாட்ஸ் கேட்கும், அது வேண்டாம். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் பெரிதாக மாற்றலாம் என்று நினைக்காதீர்கள். இந்த மாதிரி மிஷின்களில் போர்டுக்குப் போகும் கனெக்டரே வேறு, வெளியில் விற்கும் 24 பின் அதில் சேராது. மாட்டும் முன் ஸ்கேலால் ஸ்லாட்டுக்கு முன்னால் எத்தனை சென்டிமீட்டர் இடம் என்று அளந்துகொள்ளுங்கள்.

கேள்வி: கோடையில் 20 நிமிடம் விளையாடினால் எஃப்பிஎஸ் பாதியாகிறது. ஏசி இல்லை. வாட்டர் கூலிங் போடலாமா?
– ஆசிரியர், வேலூர்

பதில்: வேண்டாம் சார். வாட்டர் கூலிங்கும் உங்கள் அறைக் காற்றை வைத்துத்தான் குளிர்விக்க வேண்டும். அறை 38 டிகிரியில் இருந்தால் எந்தக் கூலரும் அதற்குக் கீழே போகாது. 24 டிகிரி அறையில் 70ஐத் தொடும் கார்டு உங்கள் ஊர் மே மாதத்தில் கிட்டத்தட்ட 84க்குப் போவது இயல்பு.

கேபினட்டின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு அதே கேமை ஆடிப் பாருங்கள். சூடு சட்டென்று 8, 10 டிகிரி இறங்கினால் காற்றோட்டம்தான் குறை. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேபினட்டில் இதுதான் நடக்கும். பார்க்க அழகு, மூச்சு விட வழியில்லை. முன்னால் வலை உள்ள கேபினட்டுக்கு மாற்றுங்கள், இரண்டு ஃபேன் உள்ளே இழுக்க, ஒன்று பின்னால் வெளியே தள்ள. இறங்கவில்லை என்றால் தூசியும், சில்லுக்கும் கூலருக்கும் நடுவில் காய்ந்துபோன பேஸ்ட்டும்தான் காரணம். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கன்னாபின்னாவென்று சுற்றி பேரிங் போய்விடும். அப்புறம் காசே இல்லாத ஒரு வழி: ஆஃப்டர்பர்னரில் பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் சில சதவீதம் குறையும், சூடு அதைவிட நன்றாகவே குறையும். ஏசி இல்லாத வீடுகளில் நான் இதையே முதலில் செய்து தருகிறேன்.

கேள்வி: 600 விஏ யூபிஎஸ் இருந்தும் கரண்ட் போனால் கம்ப்யூட்டர் அணைகிறது. டெஸ்க்டாப்பில் சும்மா இருந்தால் அணைவதில்லை.
– அச்சகத் தொழிலாளி, சிவகாசி

பதில்: பதிலை நீங்களே கடைசி வரியில் எழுதிவிட்டீர்கள். 600 விஏ என்பது பெரும்பாலும் 360 வாட்ஸ்தான். கேம் ஓடும்போது உங்கள் மிஷினும் மானிட்டரும் சேர்ந்து அதைத் தாண்டுகிறது. 1000 விஏ, 600 வாட்ஸ் உள்ளதாகப் பாருங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதன் உடம்பில் யூபிஎஸ் மோட் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். அதைப் போட்டால் மாறும் நேரம் குறையும், கம்ப்யூட்டர் தாக்குப்பிடிக்கும். சைன் வேவ் இன்வெர்ட்டர் என்றால் இன்னும் நிம்மதி.

கேள்வி: 3200 மெகாஹெர்ட்ஸ் ரேம் வாங்கினேன், 2400 காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: இல்லை. பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது டிஓசிபி (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) என்று இருப்பதை ஆன் செய்யுங்கள். நான்கு ஸ்லாட் போர்டு என்றால் பிராசஸரிலிருந்து எண்ணி 2ஆவது, 4ஆவது ஸ்லாட்டில் குச்சிகளைப் போடுங்கள்.

கேள்வி: ஐ7-14700கே, ஆர்டிஎக்ஸ் 4070. புது கேம் திறக்கும்போது வீடியோ மெமரி போதவில்லை என்று பிழை காட்டி மூடிக்கொள்கிறது. கார்டை மாற்றிப் பார்த்தும் அதே கதை.
– வீடியோ எடிட்டர், சென்னை

பதில்: சந்தேகம் பிராசஸர் மேல். 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களில் தேவைக்கு மேல் வோல்டேஜ் போய் நாளடைவில் தள்ளாடுவதை இன்டெலே 2024இல் ஒத்துக்கொண்டது. கேமின் ஷேடர்களை (படம் வரையும் சின்ன நிரல்களை) தயாரிக்கும்போது பிராசஸர் தப்புக் கணக்குப் போடும், கேமோ வீடியோ மெமரி இல்லை என்று கார்டின் மேல் பழியைப் போடும். உடனே பயாஸை அப்டேட் செய்யுங்கள். 2024 ஆகஸ்ட் முதல் அதோடு வந்த மைக்ரோகோடுகளில் (பிராசஸரின் உள் கட்டளைகளில்) திருத்தம் இருக்கிறது. ஆனால் ஏற்கனவே பழுதான பிராசஸரை அது சரி செய்யாது. பெட்டியோடு விற்ற பிராசஸர்களுக்கு இன்டெல் வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டியிருக்கிறது, பில்லை எடுத்துக்கொண்டு கேளுங்கள். உங்கள் உரிமை அது.

கேள்வி: ஐ5-7400, 8 ஜிபி டிடிஆர்4 இரண்டு, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்துவிட்டது, 11 ஏறவில்லை. பிராசஸரை மட்டும் மாற்றினால் போதுமா? கையில் 25 ஆயிரம்.
– நகல் கடை உரிமையாளர், தருமபுரி

பதில்: திருநெல்வேலித் தம்பிக்குச் சொன்னது உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் போர்டில் 7ஆம் தலைமுறையோடு சரி. 8ஆம் தலைமுறை அதே எண்ணிக்கைப் பின்னோடு வந்தாலும் 300 வரிசை போர்டுதான் அதை ஏற்கும், விண்டோஸ் 11உம் இன்டெலில் பொதுவாக 8இலிருந்துதான் ஏறும். போர்டு, பிராசஸர் இரண்டும் மாற வேண்டும்.

ஆனால் ரேமை விட்டுவிடாதீர்கள். 12ஆம் தலைமுறைக்கு டிடிஆர்4 ரேம் ஏற்கும் போர்டுகள் இருக்கின்றன. எச்610, பி660 இரண்டிலும் கிடைக்கும். பெயரில் டி4 என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், தவறுதலாக டிடிஆர்5 போர்டு எடுத்தால் ஸ்லாட்டில் நுழையவே நுழையாது. அதோடு ஐ5-12400. எஃப் இல்லாததாகவே எடுங்கள். 1050 டிஐ எப்போதாவது கைவிட்டாலும் உங்கள் நகல் கடை வேலை நிற்காது. உங்கள் ரேம் 2400 வேகத்தில் இருந்தாலும் ஓடும், அந்த மெதுவை 1050 டிஐயோடு நீங்கள் உணரப் போவதில்லை. கேபினட், எஸ்எஸ்டி அப்படியே இருக்கட்டும். எஸ்எம்பிஎஸ்ஸும் 2017இல் வாங்கியது என்றால் மிச்சப் பணத்தில் நல்ல கம்பெனியின் 550 வாட்ஸ் போடுங்கள். கார்டு அதற்கு அடுத்து. புது வன்பொருளை வாங்கும்வரை விண்டோஸ் 10ஐ ஓட்ட வேண்டியிருந்தால், நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட்டில் பதிவு செய்துகொள்ளுங்கள். வீட்டு உபயோகத்துக்கு அது 2026 அக்டோபர் 13 வரை உண்டு. கடைக் கணக்கு அந்த மிஷினில் இருக்கிறது என்றால் பதிவை இன்றைக்கே செய்துவிடுங்கள்.